அனுப்புநர் யார்?

சங்கச் செயலாளர் போனில் பிடித்து, "சார், மலருக்கு ஒரு கட்டுரை வேணும். மூணு நாலு பக்கத்துக்கு மேல போகாம பாத்துக்கங்க" என்றார். மெஸ் சாம்பாரைப் பற்றியும், வார்டனுக்குத் தெரியாமல் செகண்ட் ஷோ போனதைப் பற்றியும் எழுத நம் செட்டில் ஆளுக்கா பஞ்சம்? நானோ இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நெட்வொர்க் வேலையில் பிழைப்பு நடத்துகிறவன். எனக்குத் தெரிந்தது பாக்கெட்டும் ரூட்டரும்தான். ஆகவே ஒரு சின்ன சரித்திரம் சொல்கிறேன். பொய்யான அனுப்புநர் முகவரியோடு போகும் பாக்கெட்டின் சரித்திரம் அது. அதில் நம் கல்லூரி லேபுக்கும் ஒரு வரி உண்டு. பெருமைப்படும்படியான வரி இல்லை. அதை அதனுடைய இடத்தில் சொல்கிறேன்.

தபாலும் பாக்கெட்டும்

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? முதலில் "அனுப்புநர்", அடுத்து "பெறுநர்". மாற்றிப் போட்டால் இரண்டு மார்க் போச்சு. இன்டர்நெட்டில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டும் இந்தக் கடிதம்தான். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று வகுத்தது. குறைந்தது 20 பைட். அதில் 13-ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட் அனுப்புநர் முகவரி. அதற்கடுத்த நான்கு பைட் பெறுநர் முகவரி.

வழியில் இருக்கிற ரூட்டர்கள் பெறுநர் முகவரியை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும். அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்ப்பது ரூட்டரின் கடமை என்று யாரும் விதிக்கவில்லை. தபால்காரர் மட்டும் என்ன, பெறுநர் வீட்டைத்தானே தேடுகிறார்?

என் ஹாஸ்டல் ரூம்மேட் திருப்புட்குழிக்காரன். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற ரோட்டில் பாலுச்செட்டிசத்திரம் வரும், அதற்குப் பக்கத்து ஊர். அவன் அப்பா தபால் இலாகாவில் இருந்து ரிட்டையர் ஆனவர். லீவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அனுப்புநர்னு எவன் வேணா எந்தப் பேரை வேணா எழுதலாம் தம்பி. ஆனா போட்ட ஆபீஸ் முத்திரை இருக்கு பாத்தியா, அது பொய் சொல்லாது."

ஐ.பி. பாக்கெட்டில் அந்த முத்திரைதான் இல்லை! எந்த ஊரில் புறப்பட்டது, எந்த ரூட்டர் முதலில் வாங்கியது என்பதற்குத் தலைப்பின் கட்டாயப் பகுதியில் ஒரு பிட் கூட ஒதுக்கவில்லை. இந்தச் சரித்திரம் முழுவதும் அந்த விடுபட்ட முத்திரையின் சரித்திரம்தான்.

ரா சாக்கெட் பிறந்த கதை

1983 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. அதே வருஷம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸை வெளியிட்டது. புரோகிராம் எழுதுகிறவன் நெட்வொர்க்கோடு பேச "சாக்கெட்" என்ற வாசல் அதில்தான் பரவலாக எல்லோர் கைக்கும் வந்தது.

சாதாரண சாக்கெட்டில் நாம் விஷயத்தையும் பெறுநரையும் மட்டும் கொடுத்தால் போதும். கவர் எழுதுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை. அனுப்புநர் இடத்தில் அது நம் மெஷினின் சொந்த முகவரியைத்தான் போடும். ரா சாக்கெட் அப்படியில்லை. கவரின் மேல் எழுதும் பேனாவையே நம் கையில் கொடுத்துவிடும். தலைப்பு முழுவதையும் நாமே எழுதலாம், அனுப்புநர் முகவரி உட்பட.

இதை யாரும் திருட்டுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர், நெட்வொர்க் எங்கே தகராறு செய்கிறது என்று பார்க்க "பிங்" புரோகிராமை எழுதினார். அது ரா சாக்கெட் வழியாகத்தான் வேலை செய்தது. 1980-களின் கடைசியில் வான் ஜேக்கப்சன் "ட்ரேஸ்ரூட்" எழுதினார். பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கருவி அது. தலைப்பில் உள்ள ஆயுள் எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரே எழுதி அனுப்பவேண்டியிருந்தது. இன்றைக்கும் நம்மில் எத்தனை பேர் சம்பளம் வாங்குவது இந்த இரண்டு கருவிகளின் தயவால்! ஆக பேனா மேல் குற்றமில்லை.

ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். ரா சாக்கெட்டை "ரூட்" மட்டுமே திறக்கலாம். அந்த நாளில் ரூட் என்றால் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒருவரோ இருவரோ, நம்பிக்கையான பெரியவர்கள். 1991-க்குப் பிறகு லினக்ஸ் வந்து, பி.சி. வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் மெஷினுக்குத் தானே ரூட் ஆனபோது அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது.

முதல் எச்சரிக்கைகள்

அனுப்புநர் முகவரி பொய்யானால் பதில் யாருக்குப் போகும்? பொய்யாக எழுதப்பட்டவருக்குத்தான் போகும். எழுதினவன் அதைப் பார்க்கவே முடியாது. டி.சி.பி.யில் இது ஒரு நல்ல பாதுகாப்பு. நீங்கள் "பேசலாமா?" என்று கேட்டால் அந்தப் பக்கம் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் பேச்சு ஆரம்பம். பதிலைப் பார்க்காதவன் எண்ணை எப்படிச் சொல்வான்?

ஊகிக்கலாம் என்றார் ராபர்ட் டி. மோரிஸ். 1985 பிப்ரவரியில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் அறிக்கையாக அவர் எழுதிய சிறு கட்டுரை, 4.2 பி.எஸ்.டி. அந்த எண்ணை ஒழுங்கான கணக்கில் ஏற்றிக்கொண்டே போகிறது, அதனால் அடுத்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று காட்டியது. (1988 நவம்பரில் இன்டர்நெட்டையே ஸ்தம்பிக்க வைத்த "மோரிஸ் புழு"வை விட்டவரும் இதே மோரிஸ்தான்.) 1989-இல் அதே பெல் கூடத்தின் ஸ்டீவன் பெல்லோவின், டி.சி.பி./ஐ.பி.யின் பாதுகாப்புக் குறைகளை ஒரு நீண்ட கட்டுரையில் வரிசைப்படுத்தினார். முகவரியை மட்டும் பார்த்து ஆளை நம்பக்கூடாது என்பது அதில் முக்கியமான பாடம்.

படித்தவர்கள் தலையாட்டினார்கள். மாற்றியவர்கள் குறைவு.

1994 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். கலிபோர்னியாவில் சான்டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தைச் சேர்ந்த சுடோமு ஷிமோமுராவின் கம்ப்யூட்டர்களுக்குள் ஒருவன் நுழைந்தான். வழி, மோரிஸ் ஒன்பது வருஷம் முன்பு எழுதிய அதே வழி. அவருடைய மெஷின் ஒன்று இன்னொன்றை முகவரியை மட்டும் பார்த்து நம்பிக்கொண்டிருந்தது. நம்பப்பட்ட மெஷினை முதலில் வாயடைத்தான். அடுத்து எண் எப்படி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டான். பிறகு வாயடைத்த மெஷினின் முகவரியில் பாக்கெட் அனுப்பி, "இனி யார் வந்தாலும் உள்ளே விடு" என்ற ஒரு வரியை எழுதவைத்தான். 1995 ஜனவரியில் செர்ட் அமைப்பு உலகத்துக்கே எச்சரிக்கை விட்டது. ஷிமோமுரா தேடிப்போனதன் முடிவில், பிப்ரவரி 15-ஆம் தேதி நார்த் கரோலினாவில் கெவின் மிட்னிக் கைதானார்.

நம் நாட்டில் அப்போது என்ன நிலைமை? 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் நம் ஊர் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உட்பட சில கல்வி நிறுவனங்கள் மட்டும் இன்டர்நெட் ருசி கண்டிருந்தன. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான். முதல் நாளிலேயே திறந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. நாம் உள்ளே நுழையும்போதே வீட்டுக்குத் திருடன் வந்து போயாகிவிட்டது!

நியூயார்க்கிலிருந்து நம் லேப் வரை

1996-இல் ஹேக்கர் பத்திரிகைகள் வேறு ஒரு புரோகிராமை அச்சிட்டன. இதற்கு எண்ணை ஊகிக்கவே வேண்டாம். "பேசலாமா?" என்ற பாக்கெட்டை மட்டும் பொய் முகவரியில் அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டியது. சர்வர் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுவிட்டு, எண் திரும்பி வரும் என்று ஒரு இடத்தை ஒதுக்கிக் காத்திருக்கும். இடம் நிறைந்துவிட்டால் உண்மையான ஆள் வந்தாலும் "ஹவுஸ் ஃபுல்". 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பழைய இன்டர்நெட் நிறுவனங்களில் ஒன்றான பானிக்ஸ் இப்படி நாள்கணக்கில் முடங்கிப்போனது.

ஒரு நுணுக்கம் சொல்லவேண்டும். பொய்யாக எழுதும் முகவரியில் உயிரோடு ஒரு மெஷின் இருந்தால் அது, "நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே" என்று சர்வருக்குச் சொல்லிவிடும். ஒதுக்கிய இடமும் காலியாகிவிடும். ஆகவே பதில் சொல்லாத, அணைந்து கிடக்கிற மெஷினின் முகவரிதான் வேண்டும்.

இனி நம் லேபுக்கு வருகிறேன். 1997, நாங்கள் ஃபைனல் இயர். மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் கோர்த்த லினக்ஸ் மெஷின்கள், மூலையில் ஒரு சர்வர். பிராஜெக்டுக்கு டீமுக்கு ஒரு மெஷின். ஃபிளாப்பியில் கைமாறி வந்த ஒரு சி புரோகிராம் என்னிடம் இருந்தது. லேப் சாருக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்ததால் ரூட் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும். நிஜமாகவே வேலை செய்யுமா என்று பார்க்கிற ஆசைதான், வேறு ஒன்றுமில்லை. அணைந்து கிடக்கும் மெஷினின் முகவரி வேண்டுமே! என் ரூம்மேட் அக்கா கல்யாணத்துக்குத் திருப்புட்குழி போயிருந்தான். அவன் மெஷின் அணைந்திருந்தது. அதன் முகவரியை எழுதினேன்.

வேலை செய்தது. ஜூனியர்களின் பிராக்டிகல் நடந்துகொண்டிருந்த நேரம், ஒருவராலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. நான் பயந்துபோய் புரோகிராமை நிறுத்தி, அழித்தும் விட்டேன். அதற்குள் லேப் சார் சர்வரில் பார்த்துவிட்டார். திரை முழுக்க ஒரே முகவரி. "இது யார் மெஷின்?" என்று கேட்டார். நோட்டில் அவன் பெயர் இருந்தது.

கல்யாணம் முடிந்து லட்டு டப்பாவோடு வந்தவனுக்கு ஒரு மாதம் லேப் அனுமதி ரத்து. "நான் ஊர்லயே இல்ல சார்" என்றான். "புரோகிராமை ஓடவிட்டுட்டுப் போயிருப்ப" என்றார்கள். சார் மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணெதிரே முகவரி இருக்கும்போது அவர் வேறு என்ன நினைப்பார்? அனுப்புநர் முகவரி சாட்சி ஆகாது என்று அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாய் திறக்கவில்லை. பிராஜெக்ட் தள்ளிப்போகாமல் இருக்க ராத்திரியில் என் மெஷினை அவனுக்குக் கொடுத்தேன். "நீதாண்டா உண்மையான ஃபிரண்டு" என்றான். அந்த வார்த்தை இத்தனை வருஷமாக என்னோடு வருகிறது.

சடாயுவும் ஆர்.எஃப்.சி. 2267-ம்

அவன் ஊருக்கு ஒரு கதை உண்டு. இராவணனோடு சண்டையிட்டு விழுந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் திருப்புட்குழி என்பார்கள். விஜயராகவப் பெருமாள் கோவிலுக்கு எதிரே சடாயு தீர்த்தம் இருக்கிறது. அந்தக் கதையை நெட்வொர்க்காரன் கண்ணால் பார்த்தால், இராவணன் சந்நியாசி வேஷத்தில், அதாவது பொய்யான அனுப்புநர் முகவரியில் வந்தான். வாசலில் நின்ற சீதைக்கு வேஷத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. சடாயு வழியில் மறித்தது, அது ஒருத்தரால் ஆகிற காரியமாக இல்லை. தடுக்கவேண்டிய இடம் இலங்கையின் வாசல். அங்கேயுள்ள காவலாளிக்குத்தான் "இவன் நம்ம ஊர் ராஜா, சந்நியாசி இல்லை" என்று தெரியும்.

இதைத்தான் 1998 ஜனவரியில் பால் பெர்குசனும் டேனியல் சென்னியும் ஆர்.எஃப்.சி. 2267-இல் எழுதினார்கள். 2000 மே மாதம் அது திருத்தப்பட்டு ஆர்.எஃப்.சி. 2827 ஆனது. துறையில் "பி.சி.பி. 38" என்றால் எல்லோருக்கும் தெரியும். விஷயம் ரொம்ப எளிது. ஒரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ எந்தெந்த முகவரிகள் கொடுத்திருக்கிறோம் என்று இணைப்பு கொடுத்தவருக்குத் தெரியும். அந்தக் கதவிலிருந்து வேறு முகவரி எழுதிய பாக்கெட் வந்தால் அங்கேயே போட்டுவிடு. அவ்வளவுதான். பாக்கெட்டில் முத்திரை இல்லாத குறைக்கு, போஸ்ட் ஆபீஸ் வாசலிலேயே கவரைச் சரிபார்ப்பது இது.

பிறகு ஏன் பிரச்சினை தீரவில்லை? இந்தச் செலவைச் செய்கிறவருக்கு நேரடி லாபம் இல்லை. நான் என் வாசலில் வடிகட்டினால் காப்பாற்றப்படுவது எங்கோ இருக்கிற யாரோ. என்னைக் காப்பாற்ற அந்த யாரோ அவர் வாசலில் வடிகட்டவேண்டும். எல்லோரும் அடுத்தவர் செய்யட்டும் என்று இருந்துவிட்டார்கள். ஏரி மதகைத் தூர்வாருவதில் ஊருக்குள் நடக்கிற கதை உங்களுக்குத் தெரியாததா?

பேனாவைப் பிடுங்கினால் போதுமா?

2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வருகிறது என்றவுடன் ஸ்டீவ் கிப்சன் என்பவர் பெரிய கூச்சல் போட்டார். சாதாரண மக்களின் மெஷினில் முழு ரா சாக்கெட் வசதியா, ஆபத்து என்றார். மைக்ரோசாஃப்ட் முதலில் கேட்கவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-இல் ரா சாக்கெட் வழியாக டி.சி.பி. அனுப்புவதையும், பொய் முகவரியில் யூ.டி.பி. அனுப்புவதையும் நிறுத்தியது. பேனாவைப் பிடுங்கியாகிவிட்டது. தாக்குதல் நின்றதா? லினக்ஸ் சர்வர்களில் பேனா இருக்கவே இருந்தது.

2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் மேல் நடந்த தாக்குதல் வினாடிக்கு சுமார் 300 கிகாபிட். முறை என்ன தெரியுமா? பாதிக்கப்படுபவரின் முகவரியை அனுப்புநராக எழுதி, உலகத்தில் திறந்து கிடக்கும் டி.என்.எஸ். சர்வர்களுக்குச் சின்னக் கேள்வி அனுப்புவது. பெரிய பெரிய பதில்கள் எல்லாம் அந்த அப்பாவி வீட்டு வாசலில் போய்க் குவியும். 2018 பிப்ரவரி 28-இல் கிட்ஹப் மேல் இதே வித்தை, மெம்கேஷ்டு சர்வர்கள் வழியாக, வினாடிக்கு 1.35 டெராபிட். என் ரூம்மேட் முகவரியை நான் எழுதியதற்கும் இதற்கும் தத்துவத்தில் வித்தியாசம் கிடையாது. அளவில்தான் வித்தியாசம்.

நல்ல காரியமும் இதே பேனாவால்தான் நடந்தது. 2005-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் பெவர்லியும் ஸ்டீவன் பாயரும் "ஸ்பூஃபர்" திட்டத்தை ஆரம்பித்தார்கள். தன்னார்வலர்கள் ஒரு புரோகிராமை ஓட்டுவார்கள். அது வேண்டுமென்றே பொய் அனுப்புநர் முகவரியில் பாக்கெட் அனுப்பிப் பார்க்கும். வந்து சேர்ந்தால் அந்த நெட்வொர்க்கின் வாசலில் காவலாளி இல்லை என்று அர்த்தம். முதல் முடிவுகளில், சோதித்தவற்றில் சுமார் கால்பங்கு முழுவதுமாகவோ ஓரளவோ பொய் முகவரியை வெளியே விட்டன. 2015-இல் அந்தத் திட்டத்தை கைடா என்ற ஆராய்ச்சிக் குழு ஏற்றுக்கொண்டது. அது இருப்பது எங்கே? 1994-இல் அடி வாங்கிய ஷிமோமுரா இருந்த அதே சான்டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில்!

நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1993-இல் பி.டெக். முடித்து, எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன், 2008-இல் வேறு ஐந்து பேரோடு சேர்ந்து "பொறுப்புள்ள இன்டர்நெட் புரோட்டோகால்" என்ற யோசனையை வெளியிட்டார். முகவரியே அதற்குரியவரின் டிஜிட்டல் சாவியிலிருந்து பிறக்கும்படி செய்தால், அந்தச் சாவி இல்லாதவன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நிலைக்க முடியாது என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வரவில்லை. ஓடுகிற ரயிலில் சக்கரத்தை மாற்ற யார் சம்மதிப்பார்கள்?

தம்பி தங்கைகளுக்கு

இப்போது படிக்கும் மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ரா சாக்கெட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பாக்கெட் தலைப்பைத் தன் கையால் ஒருமுறை எழுதாதவனுக்கு நெட்வொர்க் முழுசாகப் புரியாது. ஆனால் உங்கள் சொந்த இரண்டு மெஷின்களுக்கு நடுவில், வேறு எதோடும் சேராத கேபிளில் செய்யுங்கள். 2000 அக்டோபரில் அமலுக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் கம்ப்யூட்டரை முடக்குவதற்கு நஷ்டஈடு வைத்தது. 2009 அக்டோபரில் அமலான திருத்தத்தின் 66-ஆம் பிரிவு, அதையே வஞ்சகமாகவோ நேர்மையின்றியோ செய்தால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. "சும்மா பாத்தேன் சார்" என்று போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற நிலை வேண்டாம்.

இரண்டு, வேலைக்குப் போய் ஒரு நெட்வொர்க் உங்கள் பொறுப்பில் வந்தால், வெளியே போகும் கதவில் வடிகட்டி இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். யாரும் பாராட்டமாட்டார்கள். இருந்தாலும் செய்யுங்கள்.

மூன்று, லாகில் ஒரு முகவரி இருக்கிறது என்பதற்காக ஒருத்தனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அது அனுப்புநர் என்று எழுதப்பட்டது, அவ்வளவுதான். முத்திரை எங்கே என்று கேளுங்கள். அந்த மெஷின் ஆனில் இருந்ததா, அந்தப் பக்கத்திலிருந்துதான் பாக்கெட் வந்ததா என்று ஸ்விட்சைக் கேளுங்கள். 1997-இல் நம் லேபில் ஒருவராவது அந்த மெஷினைத் தொட்டுப் பார்த்திருந்தால் அது சில்லென்று இருந்திருக்கும்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன்பே திருப்புட்குழிக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. நடந்ததெல்லாம் எழுதினேன். அவன் ரீயூனியனுக்கு வருவானா, வந்தால் என்ன சொல்வான் என்று தெரியாது. அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரையும் என் முகவரியையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் போஸ்ட் ஆபீஸ் முத்திரையும் நன்றாக விழுந்திருந்தது.